நிழலும் பொருளும்

கணித சாஸ்திரம் வாழ்க்கைக்கு உதவாத சூத்திரக் கோவையென்று நம் மாணாக்கரிற் பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் பிழையென்பதை இயக்கங்களைப் பற்றிய ஒரு சிறு தேற்றத்தைக் கொண்டே காட்டலாம்.

ஓர் இயக்கத்தில், போதிய அண்மையிற் புறப்படும் புள்ளிகள் எக்காலத்தும் அண்மையிலேயே நிற்குமாயின், அதனைச் சமத்தொடர்ச்சியுடையது என்பர். நெய்வேலிச் சுரங்கத்தில் மண்ணை வெட்டும் பெருஞ்சக்கரத்தின் அடுத்தடுத்த இரு வாளிகள், எத்தனை சுற்றுச் சுற்றினும் அடுத்தடுத்தே நிற்கும். மற்றொரு விதியை நோக்குக: ஓர் எண்ணை இரட்டித்து, முழுவெண்ணை நீக்கி, பின்னத்தை மட்டும் கொள்க. 0.1, 0.0999 என்னும் இரண்டும் பன்னிரண்டாம் படியில் 0.6, 0.1904 என வெகுதூரம் விலகிவிடும்.

இனி, ஓர் இயக்கத்தின் சில விவரங்களை விடுத்தபின், எஞ்சியது தனக்கென ஒரு விதியோடு இயங்குமாயின், அதனைக் காரணி என்பர். நிழல் என்றும் சொல்லலாம். கச்சித வெளிகளில், பொருள் சமத்தொடர்ச்சியுடையதாயின் நிழலும் அத்தகையதே. மறுதலை உண்மையன்று. சக்கரச் சுழற்சியையும் இரட்டிக்கும் விதியையும் ஒருங்கே வைத்துச் சக்கரத்தை மட்டும் காண்போனுக்கு நிழல் அமைதியாய்த் தோன்றும். பொருளோ கலங்கியே நிற்கும். ஒவ்வோர் இயக்கத்துக்கும் மீப்பெரிய சமத்தொடர்ச்சிக் காரணி ஒன்று உண்டென்று எல்லிஸும் காட்சால்க்கும் 1960-இல் நிறுவினர். ஆகவே எத்துணைக் கலக்கத்துக்கும் ஓர் அமைதி நிழல் உண்டு. சிலவற்றுக்கு அது ஒற்றைப் புள்ளியே!

நிற்க. 1957-இல் அகழ்வு தொடங்கிய நெய்வேலியில், பழுப்பு நிலக்கரிப் படுகையின் கீழே, சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோகிராம் அழுத்தத்தோடு நீர் மேனோக்கி உந்துகிறது. அதனை இரவும் பகலும் இறைத்தாலன்றிச் சுரங்கத்தின் தளம் நிலையாது. சக்கரம் தவறாது சுழல்வதும் மின்சாரக் கணக்கு ஒழுங்காய் இருப்பதும் நிழலின் ஒழுங்கே. சுற்றுக் கிராமங்களின் கிணற்று நீர்மட்டம் அப்பொருளின் மற்றோர் உறுப்பு. கிணறுகள் இரட்டிக்கும் விதிப்படி நடக்கின்றன என்று யாம் கூறவில்லை. சக்கரத்தைக் கண்டு கிணற்றுக்கு நற்சான்று வழங்குவது தர்க்கத்துக்கு ஒவ்வாதென்பதே எம் கருத்து. உழவனின் பயிர் நிழலில் விளைவதன்று.

ஆதலின், இத்தேற்றத்தைக் கற்பிக்கும் ஆசிரியர், ஒருமுறையேனும் கயிறும் அளவுகோலுமாகத் தம் மாணாக்கரை ஒரு கிணற்றங்கரைக்கு அழைத்துச் செல்வாராக. விடுபட்ட விவரம் யாதென்று வினவப் பழகியவனே கணிதம் கற்றவன்.