சோயாவும் கணையமும்: ஒரு ஃபார்வேர்டுக்குப் பதில்

"மீல் மேக்கர்ல என்சைம் தடுப்பான் இருக்கு, கணையத்தைக் கெடுத்துடும்"னு ஒரு ஃபார்வேர்டு சுத்துது. போன வாரம் மட்டும் திருவதிகையில மூணு பேர் போனை நீட்டிக் காட்டினாங்க. அதுல ஒரு அம்மா, பையனுக்குக் கொடுக்கறதையே நிறுத்திட்டாங்க. எடை குறைவான பையன். வீட்டுல முட்டையும் கிடையாது. அதனாலதான் இந்த இழை.

தடுப்பான் இருக்கறது உண்மை. நம்ம கணையம் சுரக்கிற டிரிப்சின்தான் புரதத்தை வெட்டிச் செரிக்க வைக்குது. பச்சை சோயா அந்த டிரிப்சினைப் பிடிச்சு முடக்கிடும். குடல் உடனே "இன்னும் அனுப்பு"ன்னு கணையத்துக்குச் சேதி சொல்லும். பச்சை சோயாவே தின்ன எலிகளுக்குக் கணையம் வீங்கினது இதனாலதான். ஃபார்வேர்டு எழுதினவர் இங்கேயே நிறுத்திட்டார்.

வேகவைச்சா என்ன ஆகும்னு 1917லேயே ஆஸ்போர்ன், மெண்டல்னு ரெண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் பார்த்தாங்க. பச்சை சோயா தின்ன எலிகள் சரியா வளரல. வேகவைச்ச சோயா தின்னது நல்லா வளர்ந்துச்சு. காரணம் எளிது: தடுப்பானும் ஒரு புரதம்தான். ஈரச்சூடு பட்டா அதோட வடிவம் குலைஞ்சுபோகும். பெரும்பகுதி செயலிழந்துடும், மிஞ்சற கொஞ்சத்தால மனுஷனுக்குக் கெடுதல் வந்ததா ஆதாரம் இல்லை.

பண்ருட்டி பக்கத்துல இருந்துக்கிட்டு இதுக்குப் பயப்படலாமா? பலாக்கொட்டையிலயும் இதே வேலை செய்யற தடுப்பான் இருக்கு. யாராவது பச்சையா தின்னோமா? அவிச்சோம், சுட்டோம், குழம்புல போட்டோம். மொச்சை, காராமணி, கொண்டைக்கடலை எல்லாத்துலயும் கூடக்குறைய உண்டு. பூச்சி தின்னாம இருக்க விதை வச்சுக்கிட்ட காவல் அது.

மீல் மேக்கர், எண்ணெய் எடுத்த சோயா மாவை அதிகச் சூட்டிலயும் அழுத்தத்திலயும் பிதுக்கிச் செய்யறது. காய்ஞ்ச 100 கிராமில் சுமார் 50 கிராம் புரதம். கறி விலை விக்கிற விலையில இதையும் பிடுங்கிட்டா அந்தப் பையன் எதைச் சாப்பிடுவான்? எனக்குக் கோபம் வர்றது இங்கேதான்.

நான் எச்சரிக்கிறது வேற விஷயத்துக்கு. பச்சை சோயாவை அரைச்சு சத்துமாவுல கலந்து, வெதுவெதுப்பான பால்ல கரைச்சுக் குடிக்கிறாங்க. ஜிம் பசங்க ஊறவைச்சு அப்படியே மெல்றாங்க. ஊறினா மட்டும் போதாது. முழு சோயான்னா ராத்திரி ஊறவைச்சு, தண்ணியைக் கொட்டிட்டு, குக்கர்ல குழைய வேகவைங்க. சத்துமாவைக் கஞ்சியா நல்லாக் கொதிக்க விட்டுக் காய்ச்சுங்க.

அப்பருக்கு சூலை நோய் தீர்ந்த ஊர் இது, வயித்துவலியை இங்க யாரும் லேசா எடுத்துக்க மாட்டாங்க. சரிதான். ஆனா கணைய அழற்சின்னு வர்றவங்ககிட்ட நான் முதல்ல கேக்கறது குடிப்பழக்கம், அடுத்து பித்தப்பைக் கல். சோயாவை இல்லை.

தைராய்டு மாத்திரை போடறவங்களுக்கு மட்டும் ஒண்ணு: சோயா அந்த மாத்திரை உடம்புல சேர்றதைக் குறைக்கும். மாத்திரையைக் காலையில வெறும் வயித்துல போடுங்க, சோயாவை மதியத்துக்குத் தள்ளிடுங்க. புதுசா தினமும் சாப்பிட ஆரம்பிச்சா உங்க டாக்டர்கிட்ட சொல்லி டி.எஸ்.எச். ஒருதடவை பார்த்துக்கோங்க.