அறுத்துக்கட்டுவது அவமானமா?

"அறுத்துக்கட்டுவது" என்ற சொல்லை நம் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். புருஷனோடு வாழ முடியாதவள் ஊர்ப் பெரியவர்கள் முன்னால் தாலியைக் கொடுத்துத் தீர்த்துக்கொண்டு, வேறொருவரைக் கட்டிக்கொள்வாள். நம் தென்மாவட்டங்களில், உழைத்துச் சாப்பிடும் பல சமூகங்களில் இது வழக்கத்தில் இருந்தது. கொஞ்சம் வசதி வந்ததும் அதை விட்டுவிட்டோம். "எங்கள் வீட்டில் அறுத்துக்கட்டுகிற பழக்கம் இல்லை" என்பதே பெருமையாகிப்போனது.

ஆனால் சட்டம் அந்த வழக்கத்தைக் கேவலமாக நினைக்கவில்லை. 1955-ம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 29-வது பிரிவு, வழக்கப்படி நடக்கும் விவாகரத்தும் செல்லும் என்கிறது. அதற்கு முன்பே, 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்கு விவாகரத்து உரிமை கேட்டது. 1949-ல் சென்னை மாகாணம் அதற்குத் தனிச் சட்டமே போட்டது.

காயல்பட்டினத்துப் பெண்ணுக்கு 1939-ம் ஆண்டுச் சட்டம் வழிவிட்டது. கணவன் இரண்டு வருடம் சோறு போடாவிட்டாலோ, நான்கு வருடம் இருக்குமிடம் தெரியாவிட்டாலோ அவள் கோர்ட்டுக்குப் போகலாம். நாசரேத், சாயர்புரம் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண்தான் ரொம்ப காலம் காத்திருந்தாள். 1869-ம் ஆண்டுச் சட்டப்படி, மனைவி தவறான தொடர்பு வைத்திருந்தாள் என்று நிரூபித்தாலே கணவனுக்குப் போதும். மனைவியோ அதோடு கொடுமையையோ, இரண்டு வருடம் கைவிட்டதையோ சேர்த்து நிரூபிக்க வேண்டும். இந்தப் பாரபட்சம் 2001-ல்தான் ஒழிந்தது. 132 வருடம்!

"இந்தக் காலத்துப் பெண்கள் எடுத்ததற்கெல்லாம் கோர்ட்டுக்குப் போகிறார்கள்" என்று நம்மில் பலர் குறைபடுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெண் அடி தாங்காமல் இரண்டு தடவை பிறந்த வீட்டுக்கு வந்தாள். இரண்டு தடவையும் "பொறுத்துப் போம்மா" என்று சொல்லி பஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது தடவை அவள் வரவில்லை. துக்கச் செய்திதான் வந்தது. அவள் கோர்ட் வாசலையே மிதித்ததில்லை.

ஆதிச்சநல்லூர்ப் பரம்பில் கிடைத்த தாழிகளின் பழமையை ஊரெல்லாம் சொல்லி மகிழ்கிறோம். அறுத்துக்கட்டியதும் நம் பழமைதானே? அதைச் சொல்ல மட்டும் ஏன் கூசுகிறோம்?

சட்டம் இருந்தும், திரும்பி வர இடமில்லாத பெண்ணுக்கு அதனால் என்ன பயன்? மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லும், நாடு முழுவதும் 2005-லும் சட்டம் வந்துவிட்டது. சீர்வரிசை கொடுத்ததோடு கணக்கு முடிந்தது என்று நினைக்காமல், மகளின் பங்கை அவள் பேரில் இப்போதே எழுதி வையுங்கள். "தாங்க முடியாவிட்டால் கிளம்பி வந்துவிடு" என்று அவளிடம் வாய்விட்டும் சொல்லுங்கள்.