வெற்று மாத்திரை சொன்ன விடை

இருமுனைய மனநோய் என்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சில காலம் அளவு கடந்த உற்சாகம், உறக்கமின்மை, கைப்பொருளை வாரி இறைத்தல்; பின்னர் எழுந்து முகம் கழுவவும் இயலாத மனச்சோர்வு. வீட்டார் முன்னதைக் கண்டு அஞ்சுவர். பின்னதைச் சோம்பல் என்று ஏசுவர். ஆயினும் நோயுற்ற நாள்களுள் பெரும்பகுதியைத் தின்பது பின்னதே.

உற்சாகப் பித்துக்கு லித்தியம் பயன்படுவதை ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949-இல் எடுத்துரைத்தார். சோர்வுக்கோ, சாதாரண மனச்சோர்வுக்குரிய மாத்திரைகளையே நெடுங்காலம் சேர்த்துக் கொடுத்து வந்தனர். அவற்றால் பயன் உண்டா? இந்நோயில் சோர்வு தானாகவும் தணியும். மாத்திரை உண்டபின் ஒருவர் தேறினால், தேற்றியது மாத்திரையா, காலமா என்று எவ்வாறு அறிவீர்கள்?

அமெரிக்காவில் 366 நோயாளிகளிடம் இதைச் சோதித்தனர். அனைவருக்கும் மனநிலையைச் சமன்படுத்தும் மருந்து உண்டு. அத்துடன், குலுக்கல் முறையில் ஒரு சாராருக்குப் பராக்சிடின் அல்லது புப்ரோபியான். மறு சாராருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. யாருக்கு எது என்பதை நோயாளியும் அறியார், மருத்துவரும் அறியார். 26 வாரங்கள் வரை கவனித்தனர். முடிவு 2007-இல் வெளிவந்தது. நிலையாகத் தேறியோர், மருந்துண்டவர்களில் நூற்றுக்கு 23.5, வெற்று மாத்திரை உண்டவர்களில் 27.3. இவ்வேறுபாடு தற்செயலாகவும் நேரக்கூடிய அளவினது. வெற்று மாத்திரையே மேல் என்று பொருள் கொள்ளற்க. ஆனால் அத்தனை ஆண்டு நம்பிக்கைக்கு அச்சோதனையில் ஆதாரம் கிட்டவில்லை.

வேறு விதமான விடையும் உண்டு. 2005-இல் வெளிவந்த, 542 பேரைக் கொண்ட 8 வாரச் சோதனையில், குவெட்டியாபின் உண்டோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 58 பேருக்குச் சோர்வு பாதியாகவோ அதற்கு மேலோ குறைந்தது. வெற்று மாத்திரையிலும் 36 பேருக்குக் குறைந்ததே! மருந்தின் உண்மையான வலிமை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதுதான். தூக்கக் கலக்கமும் வாய் வறட்சியும் அதற்குரிய விலை. பின்னர் 2013-இல் லுராசிடோன், 2019-இல் கரிபிரசின் ஆகியவற்றையும் இந்நோயின் சோர்வுக்கு அமெரிக்க அரசு அனுமதித்தது.

துன்புறுவோருக்கு வெற்று மாத்திரையா, இது அநீதியன்றோ என்பீர்கள். முன்னரே விளக்கி, இசைவு பெற்றே சேர்க்கின்றனர். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். என்னை உறுத்துவது வேறொன்று. தற்கொலை எண்ணம் மிகுந்தோரை இத்தகைய சோதனைகளில் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. ஆகவே, மருந்து மிகவும் தேவைப்படுவோரைப் பற்றியே நாம் குறைவாக அறிகிறோம்.

உங்கள் வீட்டில் ஒருவரை மனச்சோர்வுக்காக மருத்துவரிடம் அழைத்துச் சென்றால், முன்பொரு காலத்தில் அவர் நாள்கணக்கில் உறங்காது உற்சாகத்தில் திரிந்ததுண்டாயின் அதனையும் கூறுங்கள். அவர் கேளாவிடினும் கூறுங்கள். உண்டுவரும் மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்தி விடாதீர்கள்.