சாதிச் சான்றிதழ் வேண்டும், கணக்கு மட்டும் வேண்டாமா?

ராணுவத்தில் இடஒதுக்கீடு என்று வாயெடுத்தாலே நம் முற்போக்கு நண்பர்கள்கூட நெளிகிறார்கள். "எல்லாத்துலயும் கேளுங்க தோழர், அதுல மட்டும் வேணாம். வர்ற குண்டு சாதி பாத்தா வருது?" என்கிறார்கள். குண்டு பார்ப்பதில்லைதான். ஆள் எடுக்கிறவன் பார்க்கிறானே, அதற்கு என்ன பதில்?

குடியரசுத் தலைவரின் மெய்க்காவல் படையை எடுத்துக்கொள்வோம். அதில் ராஜபுத்திரர், இந்து ஜாட், ஜாட் சீக்கியர் என மூன்று பிரிவாரை மட்டும் சேர்ப்பது உச்சநீதிமன்றம் வரை போனது. இது சாதிப் பாகுபாடு அல்ல, சடங்குப் பணிக்கு உயரமும் தோற்றமும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்று 2013-இல் ராணுவம் விளக்கம் சொன்னது. கே.ஆர். நாராயணன் 1997-இல் குடியரசுத் தலைவராக முடிந்தது. அவர் சாதிப் பிள்ளை ஒருவன் அவருடைய குதிரைப்படையில் ஈட்டி பிடித்து நிற்க முடியவில்லை.

சீக்கியத்தில் சாதி இல்லை என்பார்கள். ராணுவத்தில் சீக்கியர்களுக்கு இரண்டு படைகள். சீக்கிய ரெஜிமெண்ட் பெரும்பாலும் ஜாட் சீக்கியர்களுக்கு. சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரி மஜபி, ராம்தாசியா சீக்கியர்களுக்கு, அதாவது நம்ம ஆளுங்களுக்கு. ஊர்த்தெருவும் சேரியும் மாதிரி பாசறையும் ரெண்டு.

இதை வெள்ளைக்காரன் 'போர்க்குடி' என்ற பெயரில் சட்டமாக்கினான். 1818-இல் கோரேகானில் அவனுக்காகச் செத்த மகர்களின் பெயர்கள் அங்கே தூணில் செதுக்கப்பட்டிருக்கின்றன. 1892-இல் அதே மகர்களுக்குப் படையின் கதவு அடைக்கப்பட்டது. முதல் உலகப்போரில் ஆள் போதாமல் போனதும் 1917-இல் 111-ஆம் மகர் படை வந்தது. போர் முடிந்ததும் கலைத்தார்கள். அடுத்த போரில் 1941-இல் மகர் ரெஜிமெண்ட், 1943-இல் சமார் ரெஜிமெண்ட். சமார் ரெஜிமெண்டை 1946-இல் கலைத்தார்கள். சாவு விழுற காலத்துல கூப்பிடுறது, சம்பளம் குடுக்குற காலத்துல அனுப்பிடுறது.

போனது வேலை மட்டுமா? அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் ராணுவத்தில் சுபேதார். ராணுவப் பள்ளி ஒன்றின் தலைமை ஆசிரியர். பாபாசாகேப் 1891-இல் பிறந்தது மாவ் பாசறையில். ஊர்ப் பள்ளிக்கூடம் உள்ளே விடாத காலத்தில் பாசறைப் பள்ளி எழுத்தைக் கொடுத்தது. அவர் பிறந்த அடுத்த வருடமே அந்தக் கதவை மூடினார்கள். எத்தனை அம்பேத்கர்களுக்கு எழுத்து கிடைக்காமல் போனது என்று யார் கணக்குச் சொல்வது?

கணக்கு என்றால்தான் இவர்களுக்கு ஆகாதே! சச்சார் குழுவுக்காக 2006-இல் முஸ்லிம்களின் எண்ணிக்கையைக் கேட்டபோது, எண்ணுவதே படையின் ஒற்றுமையைக் கெடுக்கும் என்று எதிர்ப்பு கிளம்பி, கேட்டதையே திரும்பப் பெற்றார்கள். ஆனால் 2022-இல் அக்னிவீர் ஆளெடுப்பில் சாதிச் சான்றிதழ் எதற்கு என்று கேள்வி எழுந்தபோது, இது புதிதல்ல, எப்போதும் கேட்பதுதான் என்றது ராணுவம். ஆக, சாதி தெரிய வேண்டும். வாங்கி வைத்துக்கொள்ளலாம். எத்தனை பேர் சிப்பாய், எத்தனை பேர் கர்னல் என்று கூட்டிப் பார்த்தால் மட்டும் தேசத்துரோகமா?

நான் வங்கியில் கிளார்க். எங்களிடம் ரோஸ்டர் பதிவேடு உண்டு. அதில் தில்லுமுல்லு நடக்கும், எனக்குத் தெரியும். ஆனாலும் 'அந்தப் பதிவேட்டக் காட்டுங்க சார்' என்று மேசை முன்னால் போய் நிற்க முடிகிறது. ஏமாற்றுகிறவனைப் பிடிக்கவாவது ஒரு பதிவேடு வேணும். ராணுவத்தில் நமக்கு அதுவும் இல்லை. இன்னொன்றும் கவனியுங்கள். பொதுத்துறை வங்கிகளின் கிளார்க் வேலையில் 14.5 விழுக்காடு முன்னாள் ராணுவத்தினருக்கு ஒதுக்கீடு. ஒரு கதவில் நுழைய முடியாதவனுக்கு இரண்டாவது கதவும் சாத்தப்படுகிறது.

படையின் ஒற்றுமை குலையும் என்பது பழைய பாட்டு. பெண் அதிகாரிகள் வழக்கிலும் அதையே பாடினார்கள். கிராமத்திலிருந்து வரும் சிப்பாய்கள் பெண்ணின் கட்டளையை ஏற்க மனத்தளவில் தயாராக இல்லை என்று அரசே வாதாடியது. 2020-இல் உச்சநீதிமன்றம் அதைத் தள்ளியது. சிப்பாயின் ஆதிக்க மனசு மாற வேண்டுமே தவிர, அந்த மனசுக்காகப் பெண் வெளியே நிற்க முடியாது. பெண்ணுக்குச் சொன்ன இந்த நியாயம் தலித்துக்குப் பொருந்தாதா?

'பாருங்க, அமெரிக்காக்காரனே விட்டுட்டான்' என்கிறார்கள் இப்போது. 1948-இல் ட்ரூமன் ஆணை போட்டு ராணுவத்தில் கருப்பரைத் தனியே பிரிப்பதற்கு முடிவு கட்டினார். 2025 ஜனவரியில் ட்ரம்ப் அங்கே பன்முகத் திட்டங்களை நிறுத்த ஆணை போட்டார். அடுத்த மாதமே முப்படைக் கூட்டுத் தலைவர் பதவியிலிருந்த கருப்பரான சார்லஸ் பிரௌன் நீக்கப்பட்டார். அங்கே கருப்பர் அந்த நாற்காலி வரை ஏறியதால்தான் இறக்கியது உலகத்துக்குத் தெரிந்தது. இங்கே நிறுத்துவதற்குத் திட்டமே இல்லை.

நமக்குள்ளும் ஒரு விவாதம் இருக்கிறது. சமார் ரெஜிமெண்டை மீண்டும் அமை என்று வடக்கே குரல் எழுகிறது. அந்த வலி நியாயமானது. கலைத்தவர்கள் கணக்குச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் இன்னொரு சாதிப் பெயர்ப் பலகை நமக்கு விடுதலை ஆகுமா? மகர் ரெஜிமெண்டிலிருந்து கே.வி. கிருஷ்ண ராவ், கே. சுந்தர்ஜி என்று இரண்டு தலைமைத் தளபதிகள் வந்தார்கள். இருவரும் மகர்கள் இல்லை. பெயர் நம்முடையது, கட்டளை அவர்களுடையது.

அரசின் துப்பாக்கியை நாம் ஏன் தூக்க வேண்டும் என்று கேட்கிற தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. நம்ம பிள்ளைகள் அதை எப்போதோ தூக்கிவிட்டார்கள், வயிற்றுக்காக. யாரைச் சுடுவது, எப்போது நிறுத்துவது என்று முடிவு செய்யும் அறையில் நாம் இருக்கிறோமா என்பதுதான் கேள்வி.

ஆகவே நம் கோரிக்கைகள் மூன்று. எல்லாப் படைப்பிரிவும் எல்லாச் சாதிக்கும் திறக்க வேண்டும். அதிகாரி நியமனத்தில் இடஒதுக்கீடு வேண்டும். பதவிவாரியாகச் சாதிக் கணக்கை வெளியிட வேண்டும். மாணவத் தோழர்கள் மூன்றாவதிலிருந்தே தொடங்கலாம். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். தர மறுத்தால் மேல்முறையீடு செய்யுங்கள். மறுத்து வரும் ஒவ்வொரு கடிதத்தையும் பத்திரப்படுத்துங்கள். நாளைக்கு நம் வழக்குக்கு அதுதான் சாட்சி.