பருத்த தேகமும் மூடிய கதவும்

சில தினங்களுக்கு முன் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து அன்பர் ஒருவர் நம்மைக் காண வந்திருந்தார். விருத்தாசலத்தில் பீங்கான் தொழிலில் இருபது வருஷம் உழைத்தவர். நீரிழிவினால் அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் கெட்டுவிட்டன. வாரத்தில் மூன்று நாள், தினம் நான்கு மணி நேரம், டயாலிசிஸ் யந்திரத்தோடு பிணைக்கப்பட்டுக் கிடக்கிறார். அவருடைய மனைவி தம் சிறுநீரகம் ஒன்றைக் கொடுக்கச் சித்தமாயிருக்கிறார். ஆயினும், அவர் நாடிச் சென்ற வைத்தியசாலை ஒன்றில், “எடையைக் குறைத்துக்கொண்டு வாருங்கள்” என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். “பத்தடி நடந்தால் மூச்சு வாங்குகிற நான் எப்படி ஐயா குறைப்பேன்?” என்று அவர் கேட்ட கேள்விக்கு நம்மால் உடனே விடை சொல்ல முடியவில்லை. விசாரணையின்றி விதிக்கப்பட்ட தண்டனையைப் போலவே இது நமக்குத் தோன்றிற்று.

வைத்தியர்கள் தரப்பு நியாயத்தையும் கேட்போம். எடையைக் கிலோவில் எடுத்து, மீட்டரில் கண்ட உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்ணே உடல் பருமன் குறியீடு. ஐந்தடி ஐந்தங்குல உயரமுள்ளவர் 110 கிலோ இருந்தால் அது 40 ஆகும். அநேக வைத்தியசாலைகள் 35 அல்லது 40 என்று ஓர் எல்லையிட்டு, அதற்கு மேற்பட்டவர்களுக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்தத் தயங்குகின்றன. பழைய முறையில் அடிவயிற்றின் ஓரத்தில் நீண்ட கீறலிட்டே சிறுநீரகத்தைப் பொருத்த வேண்டும். பருத்தவருக்கு அந்தக் கீறல் ஆழமானது. கொழுப்புச் சதையில் ரத்த ஓட்டம் குறைவு. அந்நிய உறுப்பைத் தேகம் தள்ளிவிடாதிருக்கக் கொடுக்கும் மருந்துகளோ நோயெதிர்ப்புச் சக்தியைத் தணித்துவிடுகின்றன. ஆகவே புண் சீழ்ப்பிடித்தால் புதுச் சிறுநீரகத்துக்கும் உயிருக்குமே அபாயம். வைத்தியர்களின் அச்சம் வெறும் கற்பனையன்று.

ஆனால் அச்சத்துக்குக் காரணம் கீறலேயானால், கீறலை மாற்றக் கூடாதா? அமெரிக்காவில் சிக்காகோ நகரிலுள்ள இல்லினாய் சர்வகலாசாலை வைத்தியர்கள் இக்கேள்வியையே கேட்டு, 2009-ம் வருஷத்தில் பருத்த தேகமுடைய நோயாளிகளுக்கு ரோபோ யந்திரத்தின் உதவியால் சிறுநீரகம் பொருத்தத் தொடங்கினார்கள். யந்திரம் தானே சஸ்திர சிகிச்சை செய்துவிடுவதாகச் சிலர் எண்ணுகின்றனர், அது தவறு. சற்றுத் தள்ளி அமர்ந்திருக்கும் வைத்தியர், வயிற்றினுள்ளே பெரிதாகத் தெரியும் காட்சியைப் பார்த்தவாறு தம் கைகளை அசைக்க, சிறு துவாரங்களின் வழியே உட்சென்ற மெல்லிய கருவிகள் அவ்வசைவையே பின்பற்றித் தைக்கின்றன. சிறுநீரகத்தை உள்ளே செலுத்தச் சில அங்குலக் கீறல் ஒன்றே போதும். அதையும், வியர்வையும் கிருமியும் தங்கும் தொடை மடிப்புக்கு விலகி, வயிற்றின் மேற்பகுதியில் இட முடிகிறது.

பலன் என்ன? 2013-ல் அவர்கள் வெளியிட்ட கணக்கின்படி, இம்முறையில் சிகிச்சை பெற்ற 28 பேரில் ஒருவருக்கும் புண் சீழ்ப்பிடிக்கவில்லை. பழைய முறையில் சிகிச்சை பெற்ற அதே தொகையினரில் 8 பேருக்குச் சீழ்ப்பிடித்தது. இத்தனைக்கும் முன்னவர்களே அதிகம் பருத்தவர்கள். ஆறு மாதத்தில் சிறுநீரகம் வேலை செய்த விதம் இரு சாராருக்கும் ஏறக்குறைய ஒன்றே. ஒரே ஸ்தாபனத்தில், பழைய பதிவுகளோடு ஒப்பிட்டுக் கண்ட சிறு கணக்கு இது. இதனை முடிந்த தீர்ப்பாகக் கொள்ளலாகாது. சிகிச்சைக்கு நேரமும் செலவும் அதிகம் என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆயினும், இதனை அற்பமென்று தள்ளிவிடவும் முடியாது. கேடிகோ என்னும் சர்வதேச சிறுநீரக வைத்திய ஸ்தாபனம் 2020-ல் வெளியிட்ட நெறிமுறையில், பருமன் என்ற ஒரே காரணத்துக்காக யாரையும் விலக்கலாகாது என்றே ஆலோசனை கூறியிருக்கிறது.

இது கடல் கடந்த தேசத்தின் அதிசயம் மட்டுமன்று. குருகிராமத்து மேதாந்தா வைத்தியசாலையினர், டெட்ராய்ட் நகர வைத்தியர்களோடு கூடி, பொருத்தும் வேளையில் சிறுநீரகத்தைப் பனிக்கட்டியால் குளிர வைத்திருக்கும் ரோபோ முறையை வகுத்தனர். அகமதாபாத்திலுள்ள சிறுநீரக ஆராய்ச்சி ஸ்தாபனத்திலும் ரோபோ வழிச் சிகிச்சை நடைபெறுகிறது. நம் சென்னையில், ஓமந்தூரார் தோட்டத்து அரசாங்க வைத்தியசாலையில் 2022-ல் ரோபோ யந்திரம் நிறுவப்பட்டது. அந்நிய யந்திரங்களின் விலையோ பல கோடி. ஆனால் குருகிராமத்தில் ‘மந்த்ரா’ என்னும் சுதேசி ரோபோ யந்திரம் தயாராகிறது என்பது சந்தோஷமான செய்தி. தகுதியில் குறைவில்லையென்று பரீட்சித்துக் கண்டபின், நம் பொதுப்பணம் அதற்கே செல்வது நியாயம்.

“கண்டபடி உண்டு கொழுத்தவனுக்கு இவ்வளவு செலவா?” என்று கேட்பாரும் உண்டு. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டு ஸ்திரீகளில் 100-க்கு 40 பேரும், புருஷர்களில் 37 பேரும் மிகை எடையுள்ளவர்கள். இத்தனை பேரும் பெருந்தீனிக்காரர்களா? மலிவாய்க் கிடைப்பது தீட்டிய அரிசி. அதை உண்டு வயிறு நிரப்புகிறவன் ஏழை. வம்சமும், நோயும், சில மருந்துகளுமே தேகத்தைப் பருக்கச் செய்கின்றன. புகை பிடித்தவனுக்கு நெஞ்சு வைத்தியம் மறுப்பதில்லை. பருத்தவனுக்கு மட்டும் ஏன் தனி நீதி?

மற்றோர் ஆட்சேபம் கனமானது. யந்திரம் எவ்வளவு நேர்த்தியாயினும், பொருத்துவதற்குச் சிறுநீரகம் வேண்டுமே! 2008-ல் தொடங்கிய மூளைச்சாவடைந்தோர் உறுப்புதானத் திட்டத்தில் நம் ராஜ்யம் பாரதத்துக்கே வழிகாட்டியது. 2023 முதல் தானம் செய்தோரின் பூதவுடலுக்கு அரசு மரியாதை செலுத்தப்படுகிறது. எனினும் காத்திருப்போர் வரிசை குறையவில்லை. தானம் பெருகாமல் யந்திரம் மட்டும் பெருகினால், விளக்கு வாங்கி எண்ணெய் வாங்காதவன் கதையாகும். அதனினும் முக்கியம், சிறுநீரகம் கெடாமலே காப்பது. நீரிழிவையும் ரத்த அழுத்தத்தையும் ஆரம்பத்திலேயே கண்டு அடக்கினால், நம் அன்பரைப் போன்றவர்களுக்கு யந்திரமே வேண்டியிராது. 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஒவ்வொரு கிராமத்து வாசலிலும் இக்காரியத்தைத் தவறாது நடத்த வேண்டும்.

ஆகவே நாம் கேட்பவை நான்கு. எடையின் எண்ணை மட்டும் பார்த்து எவரையும் நிராகரிக்கலாகாது. ஒவ்வொருவரையும் தனித்தனியே பரிசோதித்து, மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். எடையைக் குறைக்கச் சொன்னால், அதற்கான உணவு ஆலோசனையையும் மருந்தையும் வைத்தியசாலையே அளிக்க வேண்டும். அரசாங்க யந்திரங்கள் இத்தகைய நோயாளிகளுக்கும் பயன்பட்டு, அச்செலவை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் ஏற்க வேண்டும். நன்மையோ தீமையோ, பலனை வருஷந்தோறும் பகிரங்கமாக வெளியிட வேண்டும்.

ஸ்ரீமுஷ்ணத்து அன்பர் சலுகை கேட்கவில்லை. தம் வழக்கைக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள் என்கிறார். ஜனநாயக சர்க்கார் ஒன்று இதையும் மறுக்குமானால், அதன் வைத்தியசாலைகளில் எவ்வளவு விலையுயர்ந்த யந்திரம் நின்றாலும் அதனால் ஏழைக்கு என்ன பிரயோஜனம்?