'அடையாளம் தெரியாத' தோட்டா

"சம்பவ இடத்தில் அடையாளம் தெரியாத தோட்டாக்கள் கைப்பற்றப்பட்டன." இந்த மாதிரி வாக்கியத்தைச் செய்தியில் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சுர்ரென்று ஏறும். நான் சாஃப்ட்வேர் ஆள். திரையில் 'தெரியாத பிழை' என்று வந்தால் எங்கள் தொழிலில் அதற்கு ஒரே அர்த்தம்: பேர் வைக்கவேண்டியவன் வைக்கவில்லை. தோட்டா விஷயமும் அப்படித்தான். அடையாளம் தெரியவில்லை என்றால் பெரும்பாலும் யாரோ பார்க்கவில்லை, இல்லையென்றால் பார்த்ததைச் சொல்லவில்லை.

முதல் கோளாறு நம் மொழிப் பழக்கத்தில் இருக்கிறது. துப்பாக்கியில் போடும் முழுப் பொருளும் நமக்குத் தோட்டா, உடம்பில் பாய்வதும் தோட்டா, சுட்டபின் தரையில் விழுவதும் தோட்டா. உண்மையில் பாய்வது குண்டு. விழுவது பித்தளைக் கூடு. குண்டு நசுங்கிப்போகும், உடைந்துபோகும். கூடுதான் சாட்சி. இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுக் கலக்கினால், எது கிடைத்தது, எது காணாமல்போனது என்ற கேள்வியே எழாது.

அடுத்தது '7.62' என்ற மந்திரம். அந்த எண்ணைச் சொன்னதும் டிவி நிபுணர்கள் ஏகே-47 என்று முடித்துவிடுகிறார்கள். ஏகே-47-இல் போடுவது 7.62×39. நேட்டோ நாடுகளின் தோட்டா 7.62×51, நம்ம ஊர் எஸ்.எல்.ஆர் துப்பாக்கியும் அதைத்தான் சுடும். 1891-இல் வந்த ரஷ்ய மோசினுக்கு 7.62×54. மூன்றும் வேறு வேறு. ஒன்றுக்கான துப்பாக்கியில் இன்னொன்றைப் போட முடியாது. இதில் வேடிக்கை, 7.62 குண்டின் அளவே கிடையாது. அது குழலின் உள்விட்டத்திலிருந்து வந்த பேர், ஒரு அங்குலத்தில் பத்தில் மூன்று. குண்டை அளந்தால் 7.8, 7.9 மில்லிமீட்டர் என்று வரும். அதாவது குண்டை மட்டும் அளந்து பேர் சொன்னால் தப்பாகத்தான் சொல்வோம்.

சரியாகச் சொல்வது கஷ்டமா? ஒரு வெர்னியர் காலிப்பர் போதும். கூட்டின் நீளத்தை அளக்கணும். அடிவிளிம்பு கூட்டைவிட வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்கணும்: மோசினிலும் பழைய .303-இலும் நீட்டியிருக்கும், மற்ற இரண்டில் இருக்காது. பிறகு திருப்பிப்போட்டு அடியில் பொறித்திருப்பதைப் படிக்கணும். 'கே.எஃப்' என்றால் புனே பக்கத்துக் கிர்க்கி தொழிற்சாலை, 'ஓ.எஃப்.வி' என்றால் வரன்காவ். சோவியத் கூடுகளில் நாட்டின் பேர் இருக்காது, வெறும் எண்தான்: 17 பார்னால், 60 இன்றைய பிஷ்கெக். கூடவே ஆண்டும் இருக்கும். எதையும் பொறிக்காமல் ரகசிய வேலைக்கென்றே செய்த தோட்டாக்களும் உண்டு. அவற்றுக்கும் நீளம் இருக்கிறதே.

இதோடு நின்றால் இது வெறும் பொழுதுபோக்கு. தொழிற்சாலை தெரிந்துவிட்டது, அங்கிருந்து யாருக்குப் போனது? இங்கேதான் அரசுகள் கதவைச் சாத்துகின்றன. சட்டவிரோத ஆயுதங்களின் தடம் பிடிக்க 2005-இல் ஐ.நா. ஓர் உடன்பாட்டை ஏற்றது. துப்பாக்கிகளைச் சேர்த்தார்கள், தோட்டாக்களை விட்டுவிட்டார்கள். இருமல் மாத்திரை அட்டையில் பேட்ச் நம்பர் இருக்கு. ஆளைக் கொல்கிற பொருளுக்கு எல்லா நாட்டிலும் அது வேண்டும் என்றால் மட்டும் நடைமுறைச் சிக்கல் வந்துவிடுகிறது.

முடியாத காரியம் என்பவர்கள் பிரேசிலைப் பார்க்கட்டும். போலீஸுக்கும் ராணுவத்துக்கும் விற்கும் தோட்டாக்களின் அடியில் லாட் எண் இருக்கவேண்டும் என்று 2003-இலேயே அங்கே சட்டம் வந்துவிட்டது. 2018 மார்ச் 14 அன்று ரியோ நகர கவுன்சிலர் மரியேலி ஃப்ராங்கோவும் அவருடைய ஓட்டுநரும் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அது ரைஃபிள்கூட இல்லை, 9 மில்லிமீட்டர். கூட்டின் அடியில் யு.இசட்.இசட்-18 என்ற லாட் எண். 2006-இல் மத்திய போலீஸுக்கு விற்ற சரக்கு. தபால் நிலையத்தில் திருடுபோனது என்றார் அமைச்சர். அப்படி ஒரு பதிவே எங்களிடம் இல்லை என்றது தபால் துறை.

"அந்தக் கூட்டை வைத்தா கொலைகாரனைப் பிடித்தார்கள்?" என்று கேட்பீர்கள். இல்லைதான். ஒரே லாட்டில் பத்து லட்சத்துக்கும் மேல் தோட்டா போட்டிருந்தார்கள், அதனால் தடம் பாதியில் அறுந்தது. முன்னாள் போலீஸ்காரர்கள் இருவருக்குத் தண்டனை கிடைக்க 2024 ஆனது. ஆனால் லாட்டைச் சின்னதாக்கு என்பதற்குத்தான் இது வாதம், லாட்டே வேண்டாம் என்பதற்கு இல்லை. அந்த எண் மட்டும் இல்லாவிட்டால் 'அடையாளம் தெரியாத தோட்டா' என்று ஒரு வரியில் முடிந்திருக்கும். யாருடைய கிடங்கிலிருந்து போனது என்று ஓர் அமைச்சர் வாய் திறக்கவேண்டிய அவசியமே வந்திருக்காது.

அதனால் நான் கேட்பது ரெண்டே விஷயம். செய்தி எழுதுபவர்கள் கூடா குண்டா, நீளம் என்ன, அடியில் என்ன எழுத்து என்று கேட்டு எழுதட்டும். சொல்ல மறுத்தால் மறுத்தார்கள் என்று எழுதட்டும். அரசு, எந்தப் படைப்பிரிவுக்கு எந்த லாட் போனது என்பதைக் கூட்டிலேயே பொறிக்கட்டும். வரிப்பணத்தில் வாங்கிய ஒவ்வொரு தோட்டாவுக்கும் கணக்குக் கேட்க நமக்கு உரிமை இருக்கு.