என் ஓட்டு ‘ஹவ் டு நேம் இட்’டுக்கே

“உனக்குப் பிடித்த ஆல்பம் எது?”

பல்கலைக்கழகத்தில் நான் காலடி வைத்த முதலாம் ஆண்டில், விடுதி அறைத்தோழன் கேட்ட கேள்வி இது. ஈப்போவைச் சேர்ந்த சீன நண்பன். பிங்க் ஃபுளோய்ட் குழு என்றால் அவனுக்கு உயிர். 1973-இல் வெளிவந்த ‘டார்க் சைட் ஆஃப் தி மூன்’ சிறந்ததா, 1975-இல் வெளிவந்த ‘விஷ் யூ வேர் ஹியர்’ சிறந்ததா என்று அடுத்த அறை மலாய் நண்பனோடு விடிய விடிய வாதிடுவான். நானும் விட்டுக்கொடுக்காமல் பத்துப் பாடல்களை அடுக்கினேன். “நான் பாட்டைக் கேட்கவில்லை, ஆல்பத்தைக் கேட்டேன்” என்றான். என்னிடம் பதிலில்லை.

அன்பு வாசகர்களே, உங்களிடம் பதில் உண்டா?

நம்மில் பலருக்கு இருக்காது. அதற்குக் காரணமும் உண்டு. நாம் வளர்ந்தது திரைப்பாடல்களோடு. ஒலிநாடாவின் ஒரு பக்கம் ஒரு படம், மறுபக்கம் வேறொரு படம். பாடல் பிறப்பதோ கதையில் வரும் ஒரு காட்சிக்காக. ஒரு பாடலுக்கும் அடுத்த பாடலுக்கும் படத்தைத் தவிர வேறு உறவு பெரும்பாலும் இருப்பதில்லை. ஆகவே, நமக்குப் பிடித்த பாட்டு உண்டு, பிடித்த படம் உண்டு, பிடித்த கதாநாயகன் உண்டு. முதலிலிருந்து கடைசி வரை ஒரே மூச்சில் கேட்க வேண்டிய தொகுப்பு என்ற பழக்கம்தான் நமக்கு வாய்க்கவில்லை. நம் நாட்டில் அந்தப் பழக்கத்தை ஏற்படுத்தியவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள். பினாங்கைச் சேர்ந்த ஆறுமுகம் சகோதரர்களான டேவிட்டும், 2007-இல் மறைந்த லோகநாதனும் ‘அலிகேட்ஸ்’ குழுவை நடத்தி நாடெங்கும் புகழ்பெற்றவர்கள். ஆனால் அவர்கள் புகழ்பெற்றது மலாய்ப் பாடல்களால். தமிழ் வீடுகளில் ஆல்பம் என்றால் அன்றும் இன்றும் கல்யாணப் படங்கள்தான்!

இருந்தாலும், இந்தக் கேள்விக்குத் தமிழர்களாகிய நாம் பதில் சொல்ல ஒரு வழி இருக்கிறது. 1976-இல் ‘அன்னக்கிளி’ மூலம் அறிமுகமாகி ஆயிரம் படங்களுக்கு மேல் இசையமைத்த இளையராஜா, படம் எதற்கும் இல்லாமல் தனியாகச் சில இசைத்தொகுப்புகளைத் தந்திருக்கிறார். அவற்றுள் மூன்றை நம் இரசிகர்கள் நன்கறிவார்கள். 1986-இல் ‘ஹவ் டு நேம் இட்’. 1988-இல் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு ‘நத்திங் பட் விண்ட்’. 2005-இல் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவோடு ‘திருவாசகம்’.

இவற்றுள் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் எது?

தமிழ்மொழிக் கழகத்தில் இக்கேள்வியைக் கேட்டால் விடை என்னவாக இருக்கும் என்பது வெள்ளிடைமலை. ‘திருவாசகம்’தான்! மாணிக்கவாசகரின் தமிழ் ஐரோப்பிய வாத்தியக் குழுவோடு ஒலிக்கிறது, தமிழனுக்கு இதைவிடப் பெருமை ஏது என்பார்கள். என் நண்பர்கள் வட்டத்தில் இதைப் பேசியபோது, நான் ‘ஹவ் டு நேம் இட்’ என்றேன். “தமிழ்க் கழகத்தில் இருந்துகொண்டு, ஒரு தமிழ்ச் சொல்கூட இல்லாத, பெயரும் ஆங்கிலத்தில் உள்ள தொகுப்பையா சொல்கிறாய்?” என்று மூத்த மாணவர் ஒருவர் கடிந்துகொண்டார். அன்று மழுப்பிவிட்டேன். அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலை இப்போது எழுதுகிறேன்.

முதலில் அந்த ஒலிநாடா எங்கள் வீட்டிற்கு வந்த கதை. ரந்தாவ் வட்டாரத்துக் கோலா சாவாவில், தோட்டத்து லயத்து வீட்டில் நாங்கள் இருந்த காலம். அண்ணன் சிரம்பானுக்குப் போனபோது, அட்டையில் இளையராஜாவின் பெயரைப் பார்த்து, புதுப்படம் என்று எண்ணி வாங்கி வந்துவிட்டார். பால்மரம் வெட்டிவிட்டு வந்து அஞ்சடியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அப்பா ஐந்து நிமிடம் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “டேய், பாட்டு எப்ப வரும்?” என்றார். பாட்டு வரவே இல்லை! அண்ணன் வெட்கத்தோடு ஒலிநாடாவை அலமாரியில் போட்டுவிட்டார். அதை வெளியே எடுத்து மீண்டும் மீண்டும் கேட்டவன் நான்.

முதலில் ஒன்றும் புரியவில்லை. வி. எஸ். நரசிம்மனின் வயலின் மட்டும் என்னைப் பிடித்து இழுத்தது. சொல் இல்லாததால் பிடித்துக்கொள்ள எனக்குக் கொம்பு இல்லை. இசையை மட்டுமே பின்தொடர வேண்டியிருந்தது. ‘ஃபியூக்’ என்ற மேற்கத்திய இசை வடிவத்தை இத்தொகுப்பில்தான் கேட்டேன். அதன் பெயர் அப்போது தெரியாது. ஒரு மெட்டு தொடங்கும், அது முடியுமுன்னே அதே மெட்டை இன்னொரு குரல் தொடங்கும், பிறகு மற்றொன்று. லயத்தில் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் ஒரே ஒலிநாடா சற்று முன்பின்னாக ஓடுவதைக் கேட்டவர்களுக்கு இது விளங்கும். வீடுகளில் அது இரைச்சல். இங்கே ஒன்றுக்கொன்று இடம்விட்டு நடக்கும் ஒழுங்கு.

இனி என் வாதத்திற்கு வருகிறேன்.

‘திருவாசகம்’ கேட்கும்போது என் கண் கலங்குகிறது. மறுக்கவில்லை. ஆனால் என்னைக் கலங்க வைத்தது இசையா, சிறு வயது முதல் கோயிலில் கேட்ட அந்தத் தமிழா, நம் தமிழ் கடல் கடந்துவிட்டதே என்ற பெருமையா? என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ‘நத்திங் பட் விண்ட்’ மிக இனிமையானது. ஆனால் அதைக் கேட்கும்போது சௌராசியாவின் குழலழகில் மயங்கிவிடுகிறேன். இசையமைத்தவரைத் தேட வேண்டியிருக்கிறது. ‘ஹவ் டு நேம் இட்’டை விரும்பும்படி எனக்கு யாரும் சொல்லவில்லை. பக்தி இல்லை, கதாநாயகன் இல்லை, இனப்பெருமை இல்லை. என் காது மட்டுமே தேர்ந்தெடுத்தது. யார் சொன்னார்கள் என்று பாராமல் மெய்யைக் காணச் சொன்னவர் நம் வள்ளுவர் அல்லவா?

அடுத்து, மூன்றனுள் இதுவே முழுமையான ஆல்பம். தியாகராஜருக்கும் பாஹ்குக்கும் காணிக்கையாக்கப்பட்டது இது. ‘ஐ மெட் பாஹ் இன் மை ஹவுஸ்’ என்ற பகுதியில் பாஹ் தனி வயலினுக்கு எழுதிய மூன்றாம் பார்ட்டிட்டாவின் தொடக்கம் அப்படியே ஒலிக்க, அதன்மேல் இளையராஜாவின் இசை வந்து சேர்கிறது. அதையடுத்து வருவது ‘அண்ட் வீ ஹேட் எ டோக்’. இரண்டு தலைப்புகளையும் சேர்த்தால் ஒரே வாக்கியம்: பாஹை என் வீட்டில் சந்தித்தேன், நாங்கள் பேசினோம். இதை வரிசை மாற்றிக் கேட்டால் பொருள் போய்விடும். கைப்பேசியில் நினைத்த இடத்தில் தாவித் தாவிக் கேட்கும் இந்நாளில், வரிசைக்கும் ஒரு பொருள் உண்டு என்பதை இது நினைவூட்டுகிறது.

“இதில் தமிழ் எங்கே?” என்பதே மூத்த மாணவரின் கேள்வி. 1958-இல் கேரளத்தின் தேவிகுளம் இடைத்தேர்தலில், மூணாற்றுத் தேயிலைத் தோட்டத் தமிழர்களிடையே பொதுவுடைமைக் கட்சிக்காகப் பாடிச் சென்றவர் பாவலர் வரதராசன். பண்ணைப்புரத்தில் பிறந்து, அந்த அண்ணனோடு பாட்டுக் கச்சேரிகளில் ஊர் ஊராகச் சுற்றிய சிறுவன்தான், பிறகு சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றான். பாஹைத் தேடி அவன் ஜெர்மனிக்கு ஓடவில்லை. “என் வீட்டில் சந்தித்தேன்” என்கிறான். கூனிக் குறுகி நிற்காமல், விருந்தாளியை வரவேற்று எதிரே அமர்ந்து பேசும் அந்தத் துணிவே நான் கண்ட தமிழ். தோட்டத்து லயத்திலிருந்து பல்கலைக்கழகம் வந்து, பிற மொழிக்காரர்கள் நடுவே வாய் திறக்கத் தயங்கி நின்ற எனக்கு அந்தத் துணிவுதான் தேவைப்பட்டது. 2025 மார்ச்சு 8-ஆம் நாள் இலண்டனில் தம் சிம்பொனியை அவர் அரங்கேற்றியபோது நாம் அனைவரும் மார்தட்டினோம். அந்த உரையாடல் 1986-இலேயே தொடங்கிவிட்டது.

‘திருவாசகம்’தான் சிறந்தது என்பவர்களோடு எனக்குப் பகையில்லை. ஆனால் அது தமிழில் இருக்கிறது என்பதை மட்டும் காரணமாகச் சொல்லாதீர்கள். தமிழ்ப்பற்று நம் காதைத் திறக்க வேண்டுமேயொழிய அடைத்துவிடக் கூடாது. மூன்றையும் முழுமையாகக் கேளுங்கள். பிறகு வாதிட வாருங்கள், நான் தயார்.

இத்தொகுப்பிலேயே ‘டோன்ட் கம்பேர்’, அதாவது ‘ஒப்பிடாதே’ என்றொரு பகுதி இருக்கிறது. அதை மட்டும் நான் பின்பற்றவில்லை. இசைஞானி மன்னிப்பாராக!